ஸ்டேட்டஸில் வைக்காத படங்கள்

அன்புள்ள ஐயா,

அப்பா பக்கவாதத்தில் படுத்து எட்டு மாதம் ஆகிறது. வங்கி வேலை, வீடு, மருந்து என்று ஓடுகிறேன். இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை. தினமும் மனசுக்கு இதமாகத் தெரியும் ஒன்றை போட்டோ எடுக்கும்படி மனநல ஆலோசகர் சொன்னார். எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். "அப்பா இப்படிக் கிடக்கும்போது உனக்குப் பூவும் காப்பியும் கேக்குதா?" என்றார் சித்தப்பா. நிறுத்திவிட்டேன். என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா? நல்ல கேமரா வாங்கினால் சரியாக வருமா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

கேமரா வேண்டாம், அந்தக் காசு பிசியோதெரபிக்கு ஆகும். சித்தப்பாவை விடுங்கள். ஒரு ராத்திரி அப்பா பக்கத்தில் படுத்துப் பார்த்துவிட்டு அவர் பேசட்டும்.

எனக்குக் கோபம் உங்கள் மேல்தான். அதை ஏன் ஸ்டேட்டஸில் வைத்தீர்கள்? ஆலோசகர் உங்களைப் பார்க்கத்தானே சொன்னார், யாருக்குக் காட்டச் சொன்னார்? நாலு பேர் பார்ப்பார்கள் என்றதுமே கை காப்பி டம்ளரை வெளிச்சத்துக்கு நகர்த்தும், பின்னால் கிடக்கும் மருந்து அட்டையை ஒதுக்கும். அப்புறம் அது உங்கள் வீட்டுக் காலையா? அட்டையும் படத்தில் இருக்கட்டும். யார் யார் பார்த்தார்கள் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைத் திறந்திருப்பீர்கள். இருக்கும் கவலை போதாதா உங்களுக்கு?

கொஞ்ச நாளாக யோசெஃப் சுடெக் என்ற செக் புகைப்படக்காரரின் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். 1940இல், பிராக் நகரம் நாஜிகளின் பிடியில் இருந்தபோது, தன் ஸ்டுடியோ ஜன்னலைப் படமெடுக்க ஆரம்பித்து 1954 வரை எடுத்தார். அதே ஜன்னல்தான். கண்ணாடியில் ஈரம் படிந்திருக்கும், வெளியே வளைந்த ஒரு மரம் நிற்கும். அதைப் பார்க்கிற யாருக்கும் அவர் போரை மறந்துவிட்டார் என்று தோன்றாது.

அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அருங்காட்சியகத்தில் வெறுமனே பார்த்த பொருட்களைவிட, முழுதாக போட்டோ எடுத்த பொருட்கள் மக்களுக்குக் குறைவாகவே நினைவிருந்தன. ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தபோது அந்த இழப்பு இல்லை. அதனால் கிட்டப் போங்கள். ஒன்றை எடுங்கள், நின்று எடுங்கள்.

என் அம்மா படுக்கையில் இருந்த வருடத்தில் என் போன் முழுக்க மருந்துச் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், ஆஸ்பத்திரி பில். நடுவே முருங்கைப் பூங்கொத்து ஒன்று. அம்மாதான் படுத்தபடியே ஜன்னலைக் காட்டி, "அதைப் பிடிச்சு வைடா, காத்தடிச்சா கொட்டிரும்" என்றாள். ஆட்டோ இன்னும் வரவில்லையே என்ற எரிச்சலில் எடுத்த படம், மங்கல்தான். ஆனால் அதைத் திறந்தால் எனக்கு அம்மாவின் குரல் கேட்கிறது. பில்களைத் திறந்தால் கேட்பதில்லை.

அதனால் நாளைக்கு எதை எடுக்கலாம் என்று அப்பாவிடமே கேளுங்கள். பேச்சு வராவிட்டால் கண்ணால் காட்டுவார். எடுத்ததை அவருக்கு மட்டும் காட்டுங்கள்.

இன்னொன்று. மூன்று மணி விழிப்பை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். ஆலோசகரிடமாவது சொன்னீர்களா? அதற்கு போட்டோ போதாது. இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.