கிரிவலப் பாதையில் முதலுதவிக் குழுவுக்கு எந்த வாக்கி டாக்கி வாங்கலாம்?

கேள்வி: பௌர்ணமி கிரிவலத்துக்கு 20 பேர் கொண்ட முதலுதவிக் குழு அமைக்கிறோம். கூட்ட நேரத்தில் செல்போன் எடுப்பதில்லை. எந்த வாக்கி டாக்கி வாங்கலாம்?

பதில்: செட் வாங்குவது அப்புறம். எல்லாச் சேதியும் வந்து சேரும் இடமான கன்ட்ரோலில் யார் உட்காரப் போகிறார் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

திருவண்ணாமலையில் நாங்கள் செட்டோடு போன முதல் வருடம், நிருதி லிங்கம் பக்கம் ஒரு அம்மா மயங்கி விழுந்தார். அங்கிருந்த தம்பி கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கன்ட்ரோலில் இருந்த நானோ செட்டை மேசையில் வைத்துவிட்டு ஒரு பெரியவரின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். மேளச் சத்தம் வேறு. பத்து நிமிடம் கழித்துத்தான் கேட்டது. அந்த அம்மா நல்லபடியாக எழுந்து உட்கார்ந்துவிட்டார், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து கன்ட்ரோலில் இருப்பவருக்கு வேறு எந்த வேலையும் கிடையாது. காதில் ஹெட்செட், கையில் பேனா, எதிரில் நோட்டு, அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுகிறோம்.

அடுத்தது மலை. பாதை 14 கிலோமீட்டர், மலையைச் சுற்றி வருகிறது. இந்திர லிங்கம் கிழக்கே, வருண லிங்கம் மேற்கே, நடுவில் மலை முழுக்க நிற்கிறது. கையடக்க செட் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அதைத் தாண்டி நேராகப் பேசாது. அதனால் சேதியைக் கைமாற்றித்தான் கொண்டு போக வேண்டும். எட்டு லிங்கங்களையே பாயின்ட்டுகளாக வைத்துக்கொண்டோம். ஊருக்கே தெரிந்த பெயர்கள், யாரும் குழம்புவதில்லை. சில இடங்களில் ஒரு லிங்கத்திலிருந்து அடுத்ததற்கே எட்டாது, நடுவில் இன்னொருவரை நிறுத்த வேண்டியிருக்கும். முந்தின வாரமே இருவர் நடந்து பேசிப் பாருங்கள். காலி ரோட்டில் கேட்கிற தூரம் கூட்டத்தில் கேட்காது, அதையும் கணக்கில் வையுங்கள். இடுப்பில் செருகிய செட்டை விட முகத்துக்கு நேரே பிடித்த செட் நன்றாகப் பேசும்.

செட் விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடியவை 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் குறைந்த சக்தி செட்டுகள். அதற்கும் ஈடிஏ எனப்படும் அரசு ஒப்புதல் உள்ள மாடலா என்று பார்த்து வாங்குங்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ஐந்து வாட் செட்டுகளில் பல மற்ற அலைவரிசைகளிலும் பேசும். உரிமம் இல்லாமல் அவற்றைக் கையில் வைத்திருக்கவே வேண்டாம். உங்கள் ஊரில் ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசுவதற்கான உரிமம் பெற்றவர்கள் இருந்தால் போய்ப் பாருங்கள். 2004 சுனாமியின்போது அந்தமானிலிருந்து சேதி கொண்டுவந்தவர்களில் அவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் செட்டை உரிமம் இல்லாத நாம் வாங்கிப் பேச முடியாது.

போலீஸ் அலைவரிசையில் சேரக் கேட்காதீர்கள். அனுமதி வாங்கி, காவல் கட்டுப்பாட்டு அறையில் நம் ஆள் ஒருவரைச் செட்டோடு உட்கார வையுங்கள். 108 வண்டி வேண்டும் என்றால் அவர் பக்கத்து நாற்காலியில் சொன்னால் போதும்.

எல்லாச் செட்டிலும் சேனலோடு டோன் எண்ணும் (அதே எண் வைத்த செட்டுகளின் பேச்சை மட்டும் கேட்க விடும் அமைப்பு) ஒன்றாக இருக்க வேண்டும். டோன் மாறினால் செட் ஊமை போல இருக்கும், ஆள் அதைப் பழுது என்று நினைத்து அணைத்துவிடுவார். பட்டனை அழுத்தாமலே, சத்தம் கேட்டதும் செட்டைப் பேச வைக்கும் வாக்ஸ் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் பஜனை பாடினாலே செட் தானாகப் பேச ஆரம்பித்து சேனலை அடைத்துவிடும்.

பேசுவதற்குக் கோட் எல்லாம் வேண்டாம். பட்டனை அழுத்தி, ஒரு நொடி விட்டுப் பேசச் சொல்லுங்கள்; அவசரத்தில் முதல் வார்த்தை எப்போதும் விழுங்கப்படும். நாங்கள் சொல்வது இப்படி: "கன்ட்ரோல், அக்னி பேசறேன். ஆண், அறுபது வயசு இருக்கும், நெஞ்சு வலி, நினைவு இருக்கு. ஸ்ட்ரெச்சர் வேணும்." கேட்டவர் அதையே திருப்பிச் சொல்வார், கன்ட்ரோல் நேரத்தோடு எழுதிக்கொள்ளும். நோயாளியின் பெயரைச் சொல்லாதீர்கள். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வண்டி எந்தக் குறுக்குத் தெரு வழியாக வர முடியும் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். பாதையிலேயே வண்டி ஓட்ட முடியாது.

ஒவ்வொரு செட்டுக்கும் முழு சார்ஜில் இன்னொரு பேட்டரி கொடுங்கள். விடியற்காலையில் எட்டுப் பாயின்ட்டையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, எட்டிலிருந்தும் பதில் வந்த பிறகுதான் கன்ட்ரோலை மூடுகிறோம். பதில் வராத பாயின்ட்டுக்கு ஒருவர் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார்.