டிசம்பர் 25, வியாழன்: ஆண்டு கிழிந்துபோன ரேடியோ நிகழ்ச்சி நிரல்

கேள்வி: வணக்கம் ஐயா. தாத்தாவின் பாமாலைப் புத்தகத்துக்குள் ஓர் ஆங்கிலப் பத்திரிகைத் துண்டு கிடைத்தது. ரேடியோ மலாயாவின் நிகழ்ச்சி நிரல் அது. ‘டிசம்பர் 25, வியாழன்’ என்று இருக்கிறது, ஆனால் ஆண்டு இருந்த மூலை கிழிந்துவிட்டது. இரவு 10.30க்கு மகாராணியின் உரை என்று போட்டிருக்கிறது. அந்த வரியின் கீழ் தாத்தா பென்சிலால் கோடு இழுத்திருக்கிறார். மறுபக்கத்தில் பாதிச் செய்தி: ஹைகமிஷனர் (மலாயாவில் பிரிட்டிஷ் அரசின் தலைமைப் பிரதிநிதி) டெம்ப்ளர் எங்கோ போய் வந்தாராம். எங்கள் வீட்டுக்கு ரேடியோ வந்ததே மெர்டேக்காவுக்கு (1957 சுதந்திரத்துக்கு)ப் பிறகுதான் என்று அத்தை அடித்துச் சொல்கிறார். இந்தக் கிறிஸ்துமஸுக்குக் குடும்பம் கூடும்போது அந்த நாளின் நிகழ்ச்சிகளை மறுபடி ஒலிக்கவிட ஆசை. அது எந்த ஆண்டு? ஒலிப்பதிவு கிடைக்குமா?
— ஆயர் ஈத்தாம் வாசகி, பினாங்கு

பதில்: உங்கள் கையில் இருப்பது 1952ஆம் ஆண்டுத் துண்டு. அதற்காக அத்தையிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அதை அப்புறம் பார்ப்போம்.

முதலில் கிழமை. ரேடியோ மலாயா 1946 ஏப்ரலில் தொடங்கி, 1963 செப்டம்பரில் மலேசியா பிறந்தபோது ரேடியோ மலேசியா ஆனது. இடைப்பட்ட காலத்தில் கிறிஸ்துமஸ் வியாழக்கிழமையில் வந்தது மூன்றே தடவை: 1947, 1952, 1958. 1947இல் அரியணையில் இருந்தவர் ஆறாம் ஜார்ஜ் மன்னர். அவர் 1952 பிப்ரவரி 6ஆம் தேதி இறந்த பிறகுதான் மகள் எலிசபெத் ராணியானார். ஆக, ‘மகாராணி’ என்ற ஒரு சொல்லே 1947ஐத் தள்ளிவிடுகிறது. மிச்சம் 1952, 1958 இரண்டும்தான்.

இங்கேதான் மறுபக்கம் கைகொடுக்கிறது. பழைய பத்திரிகைத் துண்டு கிடைத்தால் எல்லாரும் வெட்டி வைத்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிப்பார்கள். நான் முதலில் புரட்டிப் பார்ப்பேன். வெட்டியவர் கண்ணில் படாத பக்கம்தான் பெரும்பாலும் தேதியைச் சொல்லும். டெம்ப்ளர் என்ற பெயர் மட்டும் இருந்திருந்தால் நான் தயங்கியிருப்பேன். மலாயாவை விட்டுப் போன பிறகு அவர் பிரிட்டிஷ் தரைப்படைக்கே தலைவரானார், அப்போதும் அவர் பெயர் செய்தியில் அடிபட்டது. ‘ஹைகமிஷனர்’ என்ற பதவிப் பெயர் கூடவே இருப்பதால் சந்தேகமில்லை. அவர் அந்தப் பதவியில் இருந்தது 1952 முதல் 1954 வரைதான். 1958 கிறிஸ்துமஸின்போது துங்கு பிரதமராக இருந்தார், மெர்டேக்கா கிடைத்து ஓராண்டு தாண்டிவிட்டது.

இனி அந்த 10.30. லண்டனில் பிற்பகல் மூன்று மணியை ஒட்டித்தான் அரச குடும்பத்தின் கிறிஸ்துமஸ் உரை போகும். 1932இல் ஐந்தாம் ஜார்ஜ் சாண்ட்ரிங்ஹாம் மாளிகையிலிருந்து பேசித் தொடங்கிய வழக்கம் அது. நம் கடிகாரம் அப்போது லண்டனுக்கு ஏழரை மணி நேரம் முன்னால் ஓடியது. மூன்றோடு ஏழரையைக் கூட்டினால் இரவு 10.30. இன்றைய எட்டு மணி நேர வித்தியாசம் 1982 ஜனவரி 1ஆம் தேதிதான் வந்தது. இந்த அரை மணியை மறந்து, பழைய நிரல்களை லண்டன் நேரத்தோடு ஒப்பிட்டுக் குழம்பி, அச்சில்தான் தவறு என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். தவறு என் தலையில்தான் இருந்தது. இதே கணக்கை 1953க்கு மட்டும் போடாதீர்கள். அந்த ஆண்டு ராணி நியூசிலாந்துப் பயணத்தில் இருந்தார், ஆக்லாந்திலிருந்து பேசினார்.

தாத்தா ஏன் கோடு போட்டார்? ராணியாகி எலிசபெத் பேசிய முதல் கிறிஸ்துமஸ் உரை அதுதான். தந்தையும் பாட்டனாரும் பேசிய அதே மேசையில் உட்கார்ந்து பேசினார். அடுத்த ஜூனில் முடிசூட்டு விழா இருந்தது. எந்த மதத்தவராக இருந்தாலும் அன்றைக்குத் தனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பாமாலைப் புத்தகத்துக்குள் துண்டை வைத்த மனிதருக்கு அது ஏன் முக்கியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். ரேடியோ வாங்கியது வேறு, ரேடியோ கேட்டது வேறு. அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டுத் திண்ணையிலும் காப்பிக் கடையிலும் நின்று கேட்டவர்கள்தான் அதிகம். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்கிய அவசரகாலத்தில் தோட்டங்களிலும், மக்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய புதுக்கிராமங்களிலும் பொதுவில் கேட்பதற்கென்றே அரசாங்கம் ரேடியோ வைத்தது. 1949 முதல் ரெடிஃப்யூஷனும் இருந்தது. கம்பி வழியாக ஒலி வரும், திருக ஒரு குமிழ் இருந்தால் போதும். சொந்த ரேடியோ உள்ளவரைவிட அடுத்தவர் வீட்டுக்குப் போய்க் கேட்பவருக்குத்தான் நேரம் குறித்துக்கொள்ளும் அவசியம் உண்டு. அந்தப் பென்சில் கோடு அத்தைக்கு எதிரான சாட்சி இல்லை, அவர் பக்கத்துச் சாட்சி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒலிப்பதிவைப் பொறுத்தவரை ஆசையைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளுங்கள். முழு நாளும் கிடைக்காது. அன்றைய உள்ளூர் நிகழ்ச்சிகளில் பலவும் நேரலை. வாசித்து முடித்ததும் காற்றோடு போனவை. இசையிலும் நாடகத்திலும் பலவும் இசைத்தட்டு. பிபிசி தன் நிகழ்ச்சிகளைத் தட்டில் பதிந்து கப்பலில் காலனி நாட்டு நிலையங்களுக்கு அனுப்பிவைக்கும். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியானாலும் அதைப் பாடி முடித்து மாதக்கணக்கு ஆகியிருக்கும்.

கிடைக்கக்கூடியதைத் தேடுங்கள். ராணியின் 1952 உரை முழுசாக அரச குடும்பத்தின் இணையத்தளத்தில் எழுத்தில் இருக்கிறது. அன்று லண்டனில் என்ன ஒலிபரப்பானது என்பதை பிபிசி ஜீனோம் என்ற தளத்தில் மணிவாரியாகப் பார்க்கலாம், பழைய ‘ரேடியோ டைம்ஸ்’ நிரல்கள் அதில் ஏறியிருக்கின்றன. உள்ளூர் நிரலின் கிழிந்த பகுதிக்கு சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’யில் 1952 டிசம்பர் 24, 25 தேதிகளைப் பாருங்கள். அங்கே ‘தமிழ் முரசு’ம் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று நான்கு மொழியும் நேரத்தைப் பங்குபோட்டுக்கொண்ட நிலையம் அது. தமிழ்ப் பங்கில் என்ன போனது என்று தெரிந்துகொள்ளத் தமிழ்ப் பத்திரிகைதான் கதி. கோலாலம்பூருக்குப் போகும் வேலை இருந்தால் தேசிய ஆவணக் காப்பகத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று. பினாங்கில் ஒரு தமிழ்க் குடும்பம் அன்று கேட்டது அந்த நிரலில் அச்சானதை மட்டும் அல்ல. சிற்றலை உள்ள ரேடியோ என்றால் ராத்திரியானதும் குமிழ் தானாகவே மேற்கே திரும்பும். 1950இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த ரேடியோ சிலோன் ஒரு பக்கம், இந்திய வானொலி ஒரு பக்கம். இரண்டுக்கும் நம்மைவிட இரண்டு மணி நேரம் பின்னால் கடிகாரம். பகலில் வானத்தின் கீழ் அடுக்கு விழுங்கிவிடும் மத்திய அலைகூட, இருட்டியதும் மேல் அடுக்கில் பட்டுத் திரும்பிக் கடல் தாண்டி வரும். கூடவே இரைச்சலும் வரும், பாட்டு நடுவில் தேய்ந்து மறுபடி எழும். அது கெட்ட ரேடியோ என்று பேரப்பிள்ளைகள் நினைக்கலாம், அப்போது அதுதான் தூரத்தின் ருசி. அதிகாலையை யோசித்தால், ரோமில் கிறிஸ்துமஸ் பூசை நேரமான நள்ளிரவு என்பது அன்றைய நம் கடிகாரத்தில் காலை 6.30. வத்திக்கான் வானொலி 1931 முதலே இருக்கிறது, கத்தோலிக்க வீடுகளில் அந்த நேரத்துக்குத் தேடிப் பார்த்தவர்கள் உண்டு.

வீட்டில் பழைய வால்வு ரேடியோ கிடந்தால் அழகுக்கு மேசையில் வையுங்கள், பிளக்கில் மட்டும் சொருகாதீர்கள். உள்ளே இருக்கும் காகிதக் கெபாசிட்டர்கள் இத்தனை வருஷத்தில் செத்திருக்கும். மின்சாரம் பாய்ந்தால் புகைதான் வரும், ஆள் தொட்டால் அதற்கு மேலும் ஆகலாம். தெரிந்த ஒருவர் திறந்து பார்க்கட்டும். பத்திரிகைத் துண்டை லேமினேட் செய்ய வேண்டாம், செலோடேப்பும் ஒட்ட வேண்டாம். இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்துவிட்டு, அமிலமில்லாத தாளுக்குள் வைத்து வெயில் படாத இடத்தில் வையுங்கள். பாமாலைப் புத்தகத்துக்குள் திரும்ப வைக்க மனம் சொல்லும். ஆனால் பத்திரிகைத் தாளில் உள்ள அமிலம் புத்தகத்தின் பக்கத்தையும் பழுப்பாக்கிவிடும்.

நிகழ்ச்சிக்கு என் யோசனை இது: பதிவு கிடைக்காத இடங்களில் எதையாவது யூடியூபில் தேடி நிரப்பாதீர்கள். தாத்தாவின் புத்தகத்திலிருந்து அவர் பாடிய பாமாலைகளைக் குடும்பமே பாடட்டும். ரேடியோ இல்லாத வீட்டில் அன்று சாயங்காலம் அதுதான் நடந்திருக்கும். கடைசியில் ராணியின் உரையை யாராவது ஒருவர் வாசிக்கலாம்.

எத்தனை மணிக்கு வாசிப்பது என்பதில் தகராறு வரும், முன்பே சொல்லிவிடுகிறேன். லண்டனில் மூன்று அடிக்கும் அதே நொடிதான் வேண்டும் என்றால் இப்போது நம் கடிகாரத்தில் இரவு 11 மணி. துண்டில் அச்சானபடி என்றால் 10.30. கணக்குப்படி 11 சரி. நான் 10.30 பக்கம், பென்சில் கோடு அதன் கீழ்தான் இருக்கிறது.