டிரைலித்தியம் ரெசின்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஸ்டார் ட்ரெக் என்ற அறிவியல் புனைகதைத் தொடர்களின் விண்கப்பல்களில் வரும் இந்த நச்சுப்பொருளைப் பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். பதில்களில் கதை முடிவுகளும் வந்துவிடும். இன்னும் பார்க்காதவர்கள் கவனிக்கவும்.

கேள்வி: இது கப்பலின் எரிபொருளா?

இல்லை, கப்பலை ஒளியைவிட வேகமாகச் செலுத்தும் வார்ப் எஞ்சினில் சேரும் கழிவு. எஞ்சினில் பொருளும் எதிர்ப்பொருளும் வினைபுரிவதைக் கட்டுக்குள் வைப்பது டைலித்தியம் படிகம். பெயர் ஒத்துப்போவதால் பலர் குழம்புகிறார்கள்.

கேள்வி: கழிவைப் போய் யாராவது திருடுவார்களா?

திருடுவார்கள், ஏனென்றால் அது வெடிக்கும். 1993-இல் வந்த 'ஸ்டார்ஷிப் மைன்' அத்தியாயத்தில் கப்பலில் படிந்த பேரியான் என்ற துகள்களை நீக்குவதற்காக என்டர்பிரைஸ் கப்பலைக் காலி செய்கிறார்கள். நீக்கும் கதிர் உயிரைக் குடித்துவிடும். அந்த இடைவெளியில் கெல்சி என்பவளின் கும்பல் ரெசினை எடுக்க உள்ளே நுழைகிறது. குதிரைச் சேணத்தை எடுக்கத் திரும்பிவந்த கேப்டன் பிக்கார்ட் அவர்களிடம் மாட்டிக்கொள்கிறார். அவளுக்குக் கொள்கை எதுவும் கிடையாது. விற்றுக் காசாக்கத்தான் அத்தனை பாடும். ரெசின் தானாக நிலையாக இருக்காது, கலனில் ஒரு கட்டுப்பாட்டுத் தண்டு வேண்டும். பிக்கார்ட் அதை உருவி வைத்துக்கொள்கிறார். தப்பிப்போன அவளுடைய கப்பல் வெடித்துச் சிதறுகிறது. தண்டு அவர் கையில் இருப்பதைக் காட்டும் அந்தக் காட்சி எனக்கு இன்றும் பிடிக்கும்.

கேள்வி: அப்படியானால் இது வெடிமருந்தா, விஷமா?

இரண்டும்தான். 1997-இன் 'ஃபார் தி யூனிஃபார்ம்' அத்தியாயத்தில் விண்வெளி நிலையத் தளபதி சிஸ்கோ, மாக்கி என்ற கிளர்ச்சியாளர்களின் ஒரு குடியேற்றத்தின் காற்றில் ரெசினைக் கலக்கிறார். அந்தக் கோளில் 50 ஆண்டுகளுக்கு மனிதர் வாழ முடியாது. மாக்கிகளின் எதிரிகளான கார்டாசியர் என்ற வேற்றுக்கிரக இனத்தாருக்கு ஒன்றும் ஆகாது. வெளியேற ஒரு மணி நேரம் கொடுத்தார், அவர் துரத்திய மாக்கி தலைவன் எடிங்டன்தான் முதலில் கார்டாசியக் குடியேற்றத்தில் நஞ்சைப் பரப்பினான், எல்லாம் சரி. ஆனாலும் ஊரையே வாழத் தகாததாக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: 1994-இன் 'ஸ்டார் ட்ரெக்: ஜெனரேஷன்ஸ்' திரைப்படத்தில் விண்மீனை அணைப்பதும் இதுதானா?

அது டிரைலித்தியம், ரெசின் அல்ல. விண்மீனில் நடக்கும் அணுக்கரு இணைவை நிறுத்திவிடும்.

கேள்வி: நிஜ விண்கலங்களில் இப்படி ஏதாவது உண்டா?

உண்டு. திசைதிருப்பும் சிறு ராக்கெட்டுகளில் பயன்படும் நைட்ரஜன் டெட்ராக்சைடு கொடிய நச்சு. 1975 ஜூலையில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் சேர்ந்து நடத்திய அப்பல்லோ-சோயுஸ் பயணம் முடிந்து இறங்கும்போது அதன் ஆவி அப்பல்லோ கலத்துக்குள் புகுந்தது. உள்ளே இருந்த விண்வெளி வீரர்கள் மூவரும் அதைச் சுவாசித்தார்கள், ஒருவர் நினைவிழந்தார். அப்புறம் ஹொனலுலுவில் மருத்துவமனையில் இருந்து மூவரும் தேறினார்கள்.