‘முழுப் படம்’ என்றார்கள், பாதிதான் வந்தது

கேள்வி: ‘அட்டாக் ஆன் டைட்டன்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் ரசிகன் நான். 2015-இல் நிஜ நடிகர்களை வைத்து எடுத்த அதன் லைவ் ஆக்‌ஷன் படத்தின் புளூ-ரே வட்டு வாங்கினேன். எனக்குப் பிடித்த பாத்திரமான லீவாயையே காணோம்! பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், தரமாட்டார்கள். லீவாய் அந்தப் படத்திலேயே கிடையாது. ஷிகிஷிமா என்று வேறொருவரைக் கொண்டுவந்திருப்பார்கள். நடிகர் பட்டியலைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கேள்வி: அதே படம்தான். ‘முழுப் படம்’ என்று விளம்பரத்தில் இருந்தது. கதை பாதியில் நிற்கிறது. விற்றவர், ‘படமே அவ்வளவுதான்’ என்கிறார்.

பதில்: பொய் சொல்கிறார். படம் இரண்டு பாகம். முதல் பாகம் ஜப்பானில் 2015 ஆகஸ்ட் 1 அன்று வந்தது, 98 நிமிடம். ஏழு வாரம் கழித்து வந்த இரண்டாவது 87 நிமிடம். சேர்த்தால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவே. ஒரே படமாக விட்டிருந்தால் குடியா முழுகிவிடும்? இப்படிப் பிரித்தால் டிக்கெட்டும் இரண்டு முறை, அப்புறம் வட்டும் இரண்டு முறை. எனக்கு இந்தப் பழக்கத்தின் மேல் பழைய கோபம் உண்டு. பிரிப்பதென்றால் பிரிக்கட்டும், ‘பாகம் 1’ என்பதை அட்டையின் முன்பக்கம் பெரிதாகப் போடவேண்டாமா?

சரி, உங்கள் விஷயம். விளம்பரத்தை மாற்றுவதற்குள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். வட்டையும் அட்டையையும் படமெடுத்து, ‘சொன்ன பொருள் வரவில்லை’ என்று எழுத்திலேயே கேளுங்கள். போன் பேச்சு சாட்சிக்கு வராது. மசியவில்லையென்றால், வாங்கிய தளத்தில் புகார் கொடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் சார்ஜ்பேக் கேளுங்கள், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பக் கேட்பது. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

கேள்வி: வாடகைக்கு எடுத்த படத்தைத் தொடங்கிவிட்டுத் தூங்கிவிட்டேன். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் இல்லை.

பதில்: தொடங்கினால் 48 மணி நேரம் என்று பணம் கட்டும் பக்கத்திலேயே இருந்திருக்கும். படித்தீர்களா?

கேள்வி: ஜப்பானிலிருந்து வரவழைத்த புளூ-ரே என் பிளேயரில் ஓடவில்லை.

பதில்: வட்டு எந்தப் பகுதிப் பிளேயரில் ஓடும் என்று சொல்லும் மண்டலக் குறி பொருந்தவில்லை போலிருக்கிறது. ஜப்பான் வட்டு ஏ, ஐரோப்பா பி. பி வட்டு ஒன்று என் அலமாரியிலும் சும்மா கிடக்கிறது. பிளேயரின் பின்புறம் என்ன குறி என்று பாருங்கள். ஓடினாலும் ஜப்பானிய வட்டுகள் பலவற்றில் ஆங்கில சப்டைட்டில் இருக்காது, அதையும் விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: 2009-இல் வந்த ‘டிராகன்பால் எவல்யூஷன்’ மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: அதற்குத் திரைக்கதை எழுதிய பென் ராம்சியே 2016-இல் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். நான் அதற்கு முன்பே வாங்கித் தொலைத்துவிட்டேன்.