ஆச்சி பதில்கள்: வாரம் ஒரு நாள் கூடினால் அது பள்ளிக்கூடமா?

கேள்வி: ஆச்சி, மகளுக்கு ஒன்பது வயது. பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். காரைக்குடியில் எங்களைப் போன்ற சில குடும்பங்கள் வாரம் ஒரு நாள் கூடுகிறார்கள், எங்களையும் கூப்பிடுகிறார்கள். “அதற்குப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பலாமே” என்கிறார் என் மாமியார். சேர்வதால் பலன் உண்டா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: சேருங்கள். முதல் பலன் பிள்ளைக்கு இல்லை, உங்களுக்குத்தான். அம்மாவும் டீச்சரும் ஒரே ஆளாக இருந்தால், பின்னக் கணக்கு போடுகிற அன்றைக்கு இரண்டு பேருக்கும் சோறு இறங்காது. என் மகளும் பேத்தியும் அப்படித்தான் முறைத்துக்கொண்டு இருந்தார்கள். இப்போது எங்கள் வீட்டு வளவில் கூடுகிற கூட்டத்தில் வேறொரு பிள்ளையின் அப்பா கணக்கு எடுக்கிறார். அதே பின்னம், அதே பேத்தி, சத்தமே இல்லை.

கூட்டமாகப் போனால் திறக்கிற கதவுகளும் உண்டு. ஆத்தங்குடியில் ஒற்றைப் பிள்ளையோடு போனால், தரையில் பதிக்கிற பூக்கல் செய்யும் பட்டறையை வாசலில் நின்று பார்த்துவிட்டு வரலாம். எங்கள் கூட்டத்துப் பிள்ளைகள் திரளாகப் போனதால் மேஸ்திரி உட்கார வைத்தே காட்டினார். கண்ணாடி மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு, அறை அறையாகச் சாயக் குழம்பு. அச்சைத் தூக்கியதும் காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே ஈரக் கலவையைப் போட்டு அமுக்கினார். என் பேத்தி அச்சைச் சாய்த்துத் தூக்க, பச்சை மஞ்சளுக்குள் ஓடிவிட்டது. அதையும் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்துக் கொடுத்தார், நல்ல மனிதர். “இதைச் சூளையில் சுடமாட்டீங்களா?” என்று பெரிய பையன் ஒருவன் கேட்டான். சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகும், சுட வேண்டியதில்லை என்று மேஸ்திரி சொன்னதைச் சின்னதுகளெல்லாம் வாய் பிளந்து கேட்டன. ஒரே வயதுப் பிள்ளைகளாகப் போயிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

அப்புறம் காகித வேலை. கல்வி உரிமைச் சட்டம் (2009) 6 முதல் 14 வயது வரை பேசுகிறது. வீட்டுக்கல்விக்கு அதில் தனிப் பிரிவு இல்லை, பெற்றோருக்குத் தண்டனையும் இல்லை. பத்தாம் வகுப்புக்கு, வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (NIOS) இருக்கிறது. 14 வயது நிறைந்திருக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை பொதுத்தேர்வு, ஒரு பதிவு ஐந்து வருஷம் செல்லும், பாடங்களைப் பிரித்தும் எழுதலாம். இதையெல்லாம், ஏற்கெனவே அந்தத் தேர்வு எழுதிய பிள்ளையின் அம்மா எதிரே உட்கார்ந்து சொன்னால் பாதி அலைச்சல் மிச்சம்.

கூட்டத்திலும் கூட்டம் பார்த்துச் சேருங்கள். மணி அடித்து, ரேங்க் போட்டு, கட்டணம் வசூலிக்க ஆரம்பித்தால் உங்கள் மாமியார் சொன்னதுதான் சரி, கிளம்பிவிடுங்கள். நம்ம ஆட்கள், நம்ம தெரு என்று பொறுக்கிச் சேர்த்த கூட்டமும் எனக்குப் பிடிக்காது. அதற்குச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமே போதும்.

மாமியாரோடு வாதாடாதீர்கள். ஒரு வாரம் அவரையே கூட்டிப்போய், மனகோலம் என்கிற இனிப்புக்குப் பாகு பதம் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். அடுத்த வாரம் உங்களுக்கு முன்னால் அவர் பஸ் ஸ்டாண்டில் நிற்பார்.