கொறங்காடு பூத்திருக்கும் நாட்களில் கேமராவோடு எங்கே உட்காருவது?

கேள்வி: எங்கள் ஊர் வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் நடுவில் இருக்கிறது. அமெரிக்காவில் பாலைவனம் பூத்துக் கிடக்கும் படங்களைப் பார்த்ததிலிருந்து, மழைக்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கொறங்காடுகளையும், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காடுகளையும், அதுபோல் படம் எடுக்க வேண்டும் என்று ஆசை. என்னிடம் சாதாரணக் கேமரா ஒன்றும், 18–55, 70–300 மில்லிமீட்டர் என்று இரண்டு லென்ஸும் உள்ளன. பூக்களை எடுத்தால் மஞ்சள் திட்டாகத்தான் விழுகிறது. பறவைகளோ நான் கிட்டப் போவதற்குள் பறந்துவிடுகின்றன. எந்த மாதத்தில், எந்த நேரத்தில் போக வேண்டும்? பெரிய லென்ஸ் வாங்கினால்தான் ஆகுமா?

பதில்: லென்ஸ் வாங்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கையில் இருக்கும் இரண்டே போதும். நீங்கள் நின்றபடி பூவை எடுக்கிறீர்கள், நடந்தபடி பறவையை எடுக்கிறீர்கள் என்பது உங்கள் கேள்வியிலிருந்தே தெரிகிறது. வறண்ட நிலத்தின் பூவும் சரி, உயிர்களும் சரி, தரையில் உட்கார்ந்து பொறுத்திருப்பவருக்கே படமாகக் கிடைக்கும். கீழே நான் சொல்லப்போவதெல்லாம் எங்கே, எப்போது, எப்படி உட்காருவது என்பதைப் பற்றித்தான்.

நீங்கள் பார்த்த படங்கள் கலிபோர்னியாவின் அன்சா-பொரேகோ அல்லது மரணப் பள்ளத்தாக்குப் பகுதியில் எடுக்கப்பட்டவையாக இருக்கலாம். அங்கே குளிர்காலத்தில்தான் மழை. அது நன்றாகப் பெய்த ஆண்டுகளில், மண்ணுக்குள் பல ஆண்டுகள் காத்துக் கிடந்த விதைகள் முளைத்து பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பூக்கின்றன. மரணப் பள்ளத்தாக்கில் 2005-லும் 2016-லும் அப்படிப்பட்ட பெரும் பூப்பு நிகழ்ந்தது. அந்த நாட்காட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு மாசி, பங்குனியில் நீங்கள் கேமராவோடு கிளம்பினால், காய்ந்த தட்டையும் நெருஞ்சி முள்ளும்தான் இருக்கும். நமக்கு மழை ஐப்பசி மழை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருக்கும் கொங்குச் சமவெளிக்கு ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியை வடகிழக்குப் பருவமழைதான் தருகிறது. ஆகவே நம் நிலத்தின் வசந்தம் ஐப்பசிக் கடைசியில் தொடங்கித் தை வரை நீளும். தேதியை வைத்துக் கணக்கிடாமல், மண் உள்வரை நனைந்த முதல் நல்ல மழையிலிருந்து நாளை எண்ணுங்கள். முதல் வாரத்தில் கொழுக்கட்டைப் புல் துளிர்க்கும். மூன்று நான்கு வாரத்தில் விஷ்ணுகிராந்தி, தும்பை, கொழிஞ்சி, நெருஞ்சி ஆகியவை தரையோடு தரையாகப் பூத்திருக்கும். மார்கழியில் சிறுபூளை வெள்ளைக் கதிர் விடும், ஆவாரை மஞ்சளாகக் கொட்டிப் பூக்கும். மழை பிந்திய ஆண்டில் இவையெல்லாம் பிந்தியே வரும்.

நம் கொறங்காட்டில் கலிபோர்னியாவைப் போலக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே நிறம் விரியாது. கிளுவை வேலி, நடுவே குடை பிடித்தாற்போல் வெள்வேல மரங்கள், அடியில் கொழுக்கட்டைப் புல், மேயும் காங்கேயம் மாடுகள் என்பதே அதன் அமைப்பு. பூக்கள் அந்தப் புல்லுக்குள் சிறு சிறு கூட்டமாக ஒளிந்திருக்கும். அதனால் அகலமான காட்சியைத் தேடி அலைவதைவிட, நான்கு அடிக்கு நான்கு அடி நிலத்தைத் தேர்ந்துகொண்டு ஒரு காலைப்பொழுது முழுவதையும் அதற்கே கொடுப்பது பலன் தரும்.

விஷ்ணுகிராந்தியிலிருந்தே தொடங்குங்கள். அந்த நீலப் பூவின் அகலம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் அது மண்ணில் சிந்திய ஒரு நீலச் சொட்டாகத்தான் தெரியும், ஏனென்றால் பின்னணியாக விழுவது பூவுக்கு ஓர் அங்குலம் கீழே இருக்கும் மண்ணும் சருகுமே. ஒரு கோணிச் சாக்கை விரித்து, வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்து, லென்ஸின் நடுப்பகுதி பூவின் உயரத்துக்கு வரும்படி கேமராவை ஒரு மணல் பையின் மீதோ சுருட்டிய துண்டின் மீதோ வையுங்கள். இப்போது பூவுக்குப் பின்னால் இருப்பது இருபது அடி தள்ளியுள்ள புல்வெளி. அது முழுக்கக் கரைந்து, பூ மட்டும் தனித்து எழுந்து நிற்கும். 70–300 லென்ஸ்களில் பெரும்பாலானவை ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும் என்பதால், 300-ல் வைத்தே இதை எடுக்கலாம். இன்னும் பெரிதாக வேண்டுமானால், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே பொருத்தும் எக்ஸ்டென்ஷன் ட்யூப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உங்களைச் செலவு செய்யச் சொல்வது அந்த ஒன்றுக்குத்தான். இவ்வளவு கிட்டத்தில் தெளிவாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர்தான் என்பதால் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித் துளையை, எஃப் 8 அல்லது 11-ல் வைத்து, பூவின் முகம் கேமராவுக்கு நேராக அமையும் கோணத்தைத் தேடிப் பிடியுங்கள்.

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மார்கழியில் நம் பக்கம் சூரியன் ஏறக்குறைய ஆறரைக்கு எழும். அப்போதிலிருந்து எட்டரை வரை உள்ள இரண்டு மணி நேரத்தை நான் வேறு எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒளி சாய்ந்து வரும், புல் நுனியில் பனித்துளி நிற்கும், காற்று எழுந்திருக்காது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் ஒரு செடியும் ஒரு நொடி நிற்காது என்பது உங்களுக்கே தெரியும். மார்கழி விடியலில் அந்தத் தொல்லை இல்லை. சூரியனை எதிரே வைத்துக்கொண்டு எடுத்தால் கொழுக்கட்டைப் புல்லின் கதிரும் சிறுபூளையின் பஞ்சும் விளிம்பில் ஒளி ஏறி மின்னும். லென்ஸ் மீது நேர் வெயில் படாமல் மட்டும் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். நெருஞ்சி வெயில் ஏறிய பிறகே நன்றாக விரிந்து சூரியன் பக்கம் முகம் காட்டும் என்பதால் அதை ஒன்பது மணிக்குமேல் எடுக்க நேரும். அப்போது ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு குச்சிகளுக்கு இடையில் கட்டிப் பூவுக்கு மேலே பிடித்தால், கடும் நிழல் கரைந்து ஒளி மெத்தென்று இறங்கும். கடையில் விற்கும் டிஃப்யூசர் செய்யும் வேலையும் இதுதான்.

மஞ்சள் திட்டுக்குக் காரணம் வேறு. ஆவாரம்பூவின் அடர்ந்த மஞ்சளை வெயிலில் எடுக்கும்போது, சுற்றிலும் உள்ள கரும்பச்சைக்கு ஏற்பக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. மஞ்சளுக்குள் கேமரா பதிவு செய்யும் சிவப்பின் அளவு நிரம்பி வழிந்து, இதழின் நரம்பெல்லாம் அழிந்துபோகிறது. எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மைனஸ் 0.7 முதல் மைனஸ் 1 வரை குறையுங்கள், ரா கோப்பாக (கேமரா சுருக்காத மூலக் கோப்பாக) பதிவு செய்யுங்கள், வெளிச்சத்தை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமில் சிவப்புக் கோடு வலப்புறச் சுவரில் முட்டவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். செங்காந்தளுக்கும் இதே கணக்குத்தான். அது மார்கழிக்கு முன்பே பூத்து முடிந்துவிடும் என்பதால் புரட்டாசி, ஐப்பசியில் வேலியோரம் தேடுங்கள். உங்கள் மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்காகப் பயிரிடும் தோட்டங்களிலும் கிடைக்கும். செடி முழுவதும் நஞ்சு, கிழங்கும் விதையும் கடும் நஞ்சு என்பதால், தொட்ட கையைக் கழுவாமல் கண்ணிலோ வாயிலோ வைக்காதீர்கள்.

ஆவாரையின் அருகே சற்றுக் கூடுதலாகவே உட்காருங்கள். அந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தப் பைகளும் பிளந்து திறப்பதில்லை. நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் மகரந்தம் வெளிவரும். மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைத்து அதை உதிர்த்தெடுக்கும். பறந்து வரும்போது இருந்த ரீங்காரம், பூவைப் பிடித்ததும் சட்டென்று சுதி ஏறி, விட்டுவிட்டு ஒலிப்பதைக் காது கொடுத்தால் கேட்கலாம்; அந்தச் சுதி ஏறும் கணத்தில் ஷட்டரை அழுத்துங்கள். ஷட்டர் வேகம் 1/1000 நொடி, ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 800, எஃப் 8 என்று தொடங்கலாம். வண்டைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். ஒரு கொத்தைத் தேர்ந்து அதன் மேலேயே ஃபோகஸை வைத்துக் காத்திருந்தால், சற்று நேரத்தில் அது அங்கேயும் வரும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பொங்கலுக்கு முந்தைய நாள் காப்புக் கட்டு. அதற்காகச் சாலையோர ஆவாரையும் பூளையும் பறிக்கப்பட்டுவிடும். அதற்கு முந்தைய வாரமே போய்விடுங்கள்.

வண்ணத்துப்பூச்சிக்கு ஒரு குறுக்குவழி உண்டு. அக்டோபர், நவம்பரில் கிழக்கு மலைகளிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வலசை போகும் நீலவரியன்கள் கொங்குச் சமவெளியைக் கடந்து செல்கின்றன. அவற்றின் ஆண்பூச்சிகள் கிலுகிலுப்பைச் செடியில் உள்ள ஆல்கலாய்டு என்னும் ஒருவகை வேதிப்பொருளுக்காக அதில் கூட்டமாக மொய்த்து, உறிஞ்சுவதிலேயே மூழ்கியிருக்கும். ஓரடி கிட்டப் போனாலும் எழாது.

இனிப் பறவைகள். கொறங்காட்டின் காவற்காரர் ஆள்காட்டிக் குருவிதான். நீங்கள் வேலியைத் தாண்டியதுமே அது கத்தும். அந்தக் குரல் கேட்டுக் கௌதாரி புதருக்குள் போகும், முயல் பதுங்கும். பல ஆண்டுகள் நான் அந்தக் கத்தலைப் பொருட்படுத்தாமல் நடந்து, வெறும் முதுகுப் படங்களோடு திரும்பியிருக்கிறேன். இப்போது விடிவதற்கு முன்பே போய், கிளுவை வேலியில் முதுகைச் சாய்த்து, மண்நிறச் சட்டையோடு உட்கார்ந்துவிடுகிறேன். ஆள்காட்டி கத்தி ஓய்ந்து, மறுபடி இரை பொறுக்கத் தொடங்கினால் நிலம் உங்களை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள். அதற்கு அரை மணி நேரமும் ஆகலாம். அதற்குமுன் கேமராவைத் தூக்க வேண்டாம். மாடு மேயும் பக்கமாக உட்காருவது இன்னும் நல்லது. மாட்டின் காலடியில் எழும் வெட்டுக்கிளிகளுக்காகக் கரிச்சானும் உண்ணிக்கொக்கும் தாமே வரும். மாட்டுக்குப் பழகிய பறவை, மாட்டருகே அசையாதிருக்கும் மனிதரையும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். பனங்காடை ஒரே கம்பத்திலிருந்து தரைக்கு இறங்கிப் பூச்சி பிடித்துக்கொண்டு அதே கம்பத்துக்கே திரும்பும் பழக்கம் உள்ளது. வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி அமர்ந்து, கம்பத்தில் ஃபோகஸை நிறுத்தி, 1/2000 நொடி வைத்துக் காத்திருங்கள். திரும்பி வந்து இறங்கும்போது சிறகு முழுவதும் விரிந்து அந்த நீலம் தெரியும். அமர்ந்த பறவைக்கு 1/500 போதும். எப்போதும் கண்ணிலேயே ஃபோகஸ் செய்யுங்கள். மயில் எங்கும் கிடைக்கும், ஆனால் ஆவணி வாக்கில் தோகை உதிர்த்துவிடுவதால் ஐப்பசி, கார்த்திகையில் ஆண்மயில் வெறும் வாலோடுதான் இருக்கும். தோகை வளர்ந்த மயிலுக்கு மாசிவரை பொறுங்கள். வெளிமான் வேண்டுமென்றால் அது மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை அனுமதியின்றி அங்கே கால் வைக்கக் கூடாது.

படுப்பதற்கு முன் அந்த இடத்தை ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். வேலியடியிலும் கல்லிடுக்கிலும் சுருட்டை விரியன் இருக்கும். கணுக்கால் மூடும் காலணி கட்டாயம். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறிவிடுவது போன்ற எதையும் செய்யாமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பறவைக் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். ஆள்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும் கோடை மாதங்களில் அது உங்கள் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால், வந்த வழியே திரும்பிவிடுங்கள். நல்ல கோணத்துக்காகச் செடியைப் பிடுங்கவோ மிதிக்கவோ வேண்டாம். 2019-ல் கலிபோர்னியாவின் லேக் எல்சினோர் அருகே பூ பார்க்க வந்த பெருங்கூட்டம் மலைச்சரிவை மிதித்துப் பாழாக்கியதால் பாதையையே மூட வேண்டியதாயிற்று.

கொறங்காடு பொதுநிலம் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் மேய்ச்சல் காடு. முந்தைய நாள் மாலையிலேயே போய், "ஏனுங்க, காலைல காட்டுக்குள்ள கொஞ்ச நேரம் உக்காந்து பூவு, குருவியப் போட்டோ எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டுவிடுங்கள். எனக்கு இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை. எந்த வேலியில் கௌதாரி அடைகிறது, எந்த மரத்தில் ஆந்தை இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லியனுப்பியிருக்கிறார்கள். திரும்பும்போது படலைச் சாத்திக் கயிற்றைக் கட்டிவிட்டு வாருங்கள். திறந்து கிடந்தால் பக்கத்துச் சோளக்காட்டில் மாடு இறங்கிவிடும்.