பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வீடுகளில் காணும் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்பது என்ன?

ராயபுரத்திலோ மண்ணடியிலோ நூறு வருஷத்து வீடு ஒன்றில் மல்லாந்து படுத்தால், கூரையில் வரிசையாகத் தேக்குக் கட்டைகள் தெரியும். அதுதான் மெட்ராஸ் டெரஸ்: கம்பியும் சிமெண்டும் இல்லாத மொட்டைமாடித் தளம்.

கட்டைகளின் மேல் ஓர் அங்குல கனமுள்ள சிறு செங்கற்களைப் படுக்க வைக்காமல், விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்புக் கலவையில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள்.

கீழே முட்டுப் பலகை கிடையாது. பிறகு கல் எப்படி விழாமல் நிற்கிறது? பத்துப் புத்தகங்களை நிறுத்தி, இரு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தித் தூக்கிப் பாருங்கள். நடுப் புத்தகம் விழாது. அதே சங்கதிதான்.

இங்கே இது பரவியதில் துறைமுகத்துக்கும் பங்குண்டு. பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவோடு இருந்தது. ரங்கூன் தேக்கு கப்பலில் வந்து இறங்கியது. 1942-இல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் அந்த வரத்து நின்றது. பிறகு சிமெண்ட் காலம்.

‘ஒழுகுதா, மேலே சிமெண்ட் பூசு’ என்று பலர் சொல்வது தப்பு: சுண்ணாம்புத் தளம் ஈரத்தை வெளியே விட்டு உலரும், சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்து, சுவருக்குள் இருக்கும் கட்டை முனையை உளுக்க வைத்துவிடும்.